மூச்சு விட வருசச் சந்தா

ஏலே பேராண்டி, மூச்சு விடுததுக்கு வருசச் சந்தா கட்டிருக்கியாமே? உங்க ஆச்சி சொன்னா, நான் நம்பல. தண்ணிக்குக் காசு குடுத்தாச்சு, காத்தாவது ஓசியில கெடக்குன்னு நெனச்சிருந்தேன். அதுக்கும் ரசீது போட்டுட்டான் பாரு.

காலையில கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்திருந்த. போனுல மணி அடிச்சுது. ஒரு பொம்பளக் கொரலு "எண்ணங்களைக் கவனியுங்கள்"னு சொல்லுச்சு, நீயும் கண்ண மூடுன. அது முடிஞ்ச மறுநிமிசம் அதே போனுல ஆபீஸ்காரன் ஏதோ அனுப்பிட்டான். பல்லுகூடத் தேய்க்காம அவனோட மல்லுக்கு நின்ன. கவனிச்ச எண்ணமெல்லாம் எந்தக் காட்டுக்கு ஓடுச்சோ.

கோவிச்சுக்காத, இந்தத் தியானச் சமாச்சாரம் பொய்யில்ல. நீதான நேத்துச் சொன்ன? 1979-ல அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில ஜான் கபாட்-ஜின்னுன்னு ஒருத்தரு, தீராத வலிக்காரங்களக் கூட்டி வச்சு எட்டு வாரம் பழக்கிவிட்டாருன்னு. புத்தர் பிக்குகளுக்குச் சொன்ன வித்தைய, சாமி பூதமெல்லாம் கழிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு போன மனுசன். வலி போகாட்டியும், 'ஐயோ, நாளைக்கும் வலிக்குமே'ன்னு நாமளா சேத்துக்கிடுத வேதனை கொறையும்ங்கிறாரு. சரியான பேச்சுதான்.

அதுல ஒரு பாடத்தக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கல. ஒத்தக் காஞ்ச திராட்சைய உள்ளங்கையில வச்சுப் பாக்கணுமாம், மோந்து பாக்கணுமாம், நாக்குல உருட்டணுமாம், அப்புறந்தான் கடிக்கணுமாம். நம்ம வீட்டுல அப்பிடித் தின்னா, பக்கத்துல இருக்கவன் புடுங்கித் தின்னுட்டுப் போயிருவான். ஆனா மத்தியானம் ஆச்சி வச்ச கருவாட்டுக் கொழம்ப நீ தின்ன லச்சணத்தப் பாத்தேனே! எடது கையில போனு. வலது கையி தன்னால வாய்க்குப் போகுது. கொழம்புல கெடந்தது கத்திரிக்காயா, மொச்சையான்னு கேட்டதுக்கு முழிச்ச. மொச்சைலே, மொச்சை! உனக்குத் திராட்ச எதுக்கு?

நீ மட்டும் இப்பிடியில்ல. 2010-ல ஹார்வர்டுக்காரங்க ரெண்டு பேரு, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர்கிட்ட, போனு வழியாவே, 'இப்ப என்ன செய்யுத, மனசு எங்க இருக்கு'ன்னு கேட்டாங்களாம். பாதிக்குக் கிட்ட நேரம் மனசு வேற எங்கயோ. அலையுத நேரத்துல சந்தோசமும் கொறைச்சலாம். அதுக்காக அந்தக் காலத்து ஆளுக எல்லாம் ஞானின்னு நெனச்சுராத. வரப்பு ஒரு சாண் நகந்ததுக்கு மண்டைய ஒடச்சவங்கதான் இந்தத் தெருவுல பாதிப் பேரு. நல்லாக் கவனிச்சுத்தான் ஒடச்சாங்க.

கோவம் வந்தா, 'கோவம் வருது'ன்னு உள்ளுக்குள்ள பேரச் சொல்லு. பேரு சொன்னா மூளையில கொதிப்பு கொஞ்சம் எறங்குதுன்னு ஆராய்ச்சிக்காரங்களும் சொல்லுதாங்க. மூச்ச இழுத்ததவிட மெதுவா வெளிய விடு. வெளிய போகையில நெஞ்சுத் துடிப்பு தணியும், ஒடம்போட அமைப்பே அப்பிடி. பதில் மெயிலு அப்புறமாத் தட்டலாம், ஒண்ணும் குடி முழுகாது. மனசு ஓடிப்போச்சேன்னு மனசப் போட்டு வையாத. ஓடுதது அதோட சோலி. மேயப் போன கன்னுக்குட்டிய இழுத்தாரமாரி, அடிக்காம கூட்டிட்டு வா. பாத்திரம் கழுவும்போது பாத்திரத்தக் கழுவு. ஆச்சிக்கும் ஒரு வேலை மிச்சம்.

ஒண்ணுதான்யா எனக்குப் பொறுக்கல. ராத்திரி பதினோரு மணிக்கு வேலையத் தலையில கட்டிட்டு, வெள்ளிக்கிழமை தியான வகுப்பு நடத்துதானாமே உங்க ஆபீசுல? அங்க மூச்ச விட்டாப் பத்தாது, வாயத் தொறக்கணும்.

வாரக்கணக்கா தூக்கம் கெட்டு, நெஞ்சு பாரமாவே கெடந்தா, இந்தக் கெழவன் பேச்சும் வேண்டாம், போனு மணியும் வேண்டாம். கண்ண மூடி உக்காந்தா சிலருக்குப் பழைய பயமெல்லாம் கெளம்பி வந்துரும். டாக்டரப் பாக்கதுல என்ன வெக்கம்? 14416-னு அரசாங்க நம்பரு இருக்கு, ராப்பகலா எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

நாளைக்கு ஆட்டப் பத்திக்கிட்டு என்கூட வா. சந்தா கேக்க மாட்டேன். போன மட்டும் ஆச்சிகிட்டக் குடுத்துட்டு வந்துரு. அவ திருப்பித் தருவாளாங்கிறதுக்கு நான் பொறுப்பில்ல.