பிரெஞ்சு மரை

புதுச்சேரியில் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துக்காரர், வீட்டுச் சொந்தம் இருந்தால் சென்ட் பாட்டில் வரும், சாக்லேட் வரும், அதிர்ஷ்டக்காரர்களுக்கு விசாவே வரும். எனக்கு வந்தது ஒரு சைக்கிள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய மாமா எழுபதுகளில் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. மாமா காலமான பிறகு அத்தை, "பெட்ரோல் விலை பெட்ரோல் விலைன்னு பொலம்பிக்கிட்டே இருக்கியே, இத எடுத்துக்கிட்டுப் போப்பா" என்று தாராளமாகத் தந்துவிட்டார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மரையைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

மிதித்தால் கடக் கடக்கென்று சத்தம். சின்ன மணிக்கூண்டுப் பக்கம் மரத்தடியில் கடை போட்டிருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கடை என்றால் ஒரு தகரப்பெட்டி, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டி, கிளையில் தொங்கும் பழைய டயர்கள். "ஓவராயில் பண்ணிடலாம் சார்" என்றார். பெடல் மாட்டும் கிராங்கின் அச்சைத் தாங்குகிற வலது பக்கக் கப்பில் ஸ்பேனரைப் போட்டார்.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். நம் ஊர்ச் சைக்கிளில் அந்த வலது கப்புக்கு இடது மரை. கடிகார முள் போகிற பக்கம் திருகினால்தான் கழலும். காரணமில்லாமல் அப்படி வைக்கவில்லை. மிதிக்க மிதிக்க உள்ளே உருளும் பால்ரஸ், கப்பை எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சாதா மரையாக இருந்தால் கப்பு நாளடைவில் தானாகவே கழன்றுவிடும். பிரிட்டிஷ்காரன் இதை யோசித்து வைத்தான். பிரெஞ்சுக்காரன் இரண்டு பக்கமும் ஒரே மரை போட்டான். சமத்துவத்தில் அவ்வளவு பிடிப்பு.

அண்ணனுக்கு இது எப்படித் தெரியும்? காலங்காலமான கைப்பழக்கத்தில் கடிகார முள் பக்கமே திருகினார். அசையவில்லை. ஸ்பேனருக்கு ஒரு இரும்புக் குழாயை மாட்டி நீட்டித் தொங்கினார். பக்கத்து டீக்கடைப் பையனும் வந்து சேர்ந்துகொண்டான். பிரான்சில் அதைப் பூட்டிய தொழிலாளிகூட அவ்வளவு இறுக்கியிருக்க மாட்டான். கடைசியில் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இன்னா சார், மரை கழண்ட வண்டியா இது?" என்றார். கழலாததுதானே பிரச்சினை. எதிர்ப்பக்கம் திருகிப் பார்த்த பிறகுதான் கழன்றது.

நம் நாட்டுச் சைக்கிள்கள் பிரிட்டிஷ் வம்சம். 1949-இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது. அளவெல்லாம் அங்குலம். என் வண்டியோ மில்லிமீட்டர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படியும் இணைந்தது. அப்போது விருப்பமுள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் சைக்கிள் அதற்கெல்லாம் பிறகு வந்திறங்கியது. எதையும் எழுதிக்கொடுக்காமலே பிரெஞ்சுப் பிரஜையாக இருந்துகொண்டிருக்கிறது. டூப்ளேயும் கிளைவும் விட்ட இடத்திலிருந்து சண்டையை அதன் கிராங்க் தொடர்கிறது.

பெடலை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுப் பெடல் அச்சு 14 மில்லி. நம்முடையது ஒன்பதுக்குப் பதினாறு அங்குலம், அதாவது 14.29 மில்லி. புதுப் பெடல் வாங்கினால் வாசலிலேயே நின்றுவிடும், உள்ளே போகாது. ஆனால் மரைக்கு மரை இடைவெளி அங்கே 1.25, இங்கே 1.27. கிட்டத்தட்ட சம்பந்திகள். கிராங்கில் டேப் விட்டு மரை வெட்டினால் நம்மூர்ப் பெடல் அழகாக உட்கார்ந்துவிடும். அண்ணன் எண்ணெய் விட்டுவிட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று டேப்பைத் திருப்பியதைப் பார்க்க வேண்டும். சுருள் சுருளாக இரும்புத் தூள் விழுந்தது. கூடவே கொஞ்சம் பிரெஞ்சு கௌரவமும்.

கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. நம் கடையில் கிடைப்பது 9.5 மில்லி, என் வண்டிக்கு வேண்டியது 9. தட்டாஞ்சாவடியில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். லேத்துக்காரர் பின்னை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கடையறதுக்குக் கூலி, பின்னு வெலயவிட அதிகமா ஆகும் சார், பரவால்லியா?" என்றார். சிக்கனமாக இருப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியவந்தது அங்கேதான்.

நல்ல சேதியும் உண்டு. உள்ளே உருளும் பால்ரஸ், பிரெஞ்சு வண்டியிலும் கால் அங்குலம்தான், பக்கத்துக்குப் பதினொன்று. டயரும் அப்படியே. அவர்கள் 650பி என்பதும் நாம் 26×1½ என்பதும் ஒன்றே. ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் இரண்டுக்கும் 584 மில்லி. விமானத்தில் வரவழைக்க வேண்டுமோ என்று பயந்துகொண்டிருந்த டயர் கடையின் மூலையில் தூசு படிந்து கிடந்தது. ஆனந்தத்தில் பேரம் பேச மறந்துபோனேன் என்று வீட்டில் இன்னமும் பேச்சு.

புது டயர் போட்டதும் பழைய சீட் அசிங்கமாகத் தெரிந்தது. சீட் மாற்றியதும் கேரியர். தீதெரோ என்ற பிரெஞ்சு ஞானி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். புதுசாக ஒரு அங்கி கிடைத்ததாம். அதற்குப் பொருத்தமாக இல்லையென்று நாற்காலி, மேஜை, படம் எல்லாவற்றையும் மாற்றித் திண்டாடினாராம். நான் பெல்லோடு நிறுத்திக்கொண்டேன். ஞானத்தால் இல்லை, மாதக் கடைசி.

உண்மையில் இந்த ஊரில் சைக்கிளுக்குப் பணம் போட வேண்டிய இடமே வேறு. உப்புக்காற்று. கடற்கரைச் சாலையோரம் வண்டியை விட்டுவிட்டுச் சுண்டல் தின்றுவிட்டு வருவதற்குள் போக்ஸ் கம்பி நிறம் மாற ஆரம்பித்துவிடும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிசுக்கேறி மண்ணை இழுக்கும். ஒர்க்‌ஷாப் கழிவு ஆயில் ஓசி, ஆனால் வேட்டிக்கு அது கடைசி நாள். கண்ணிக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில், பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, மேலே தெரிகிற எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேண்டியது கண்ணிக்கு உள்ளே. வெளியே மின்னுவது மணலுக்கு அழைப்பிதழ். ஐப்பசி மழையில் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். துடைக்கப் பழைய நூல் புடவைக்கு இணை எதுவும் இல்லை. பழையது எது என்பதில்தான் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு.

அக்கா மகனுக்கு இதெல்லாம் போதவில்லை. "கியர் போடுங்க மாமா" என்கிறான். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை கியர் மாற்றும் கருவிக்கே அனுமதி இல்லை. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஆல்ப்ஸ் மலையையே ஏறினார்கள் என்று சொன்னேன். நமக்கு இருக்கிற ஒரே ஆல்ப்ஸ் கோரிமேடு. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாரும் கேட்கப்போவதில்லை.

வலது கப்பு மட்டும் தன் பிறவிக் குணத்தை விடவில்லை. மிதிக்க மிதிக்கக் கழன்றுகொள்கிறது. பிளம்பர்கள் குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி அண்ணன் இறுக்கித் தருவார், இப்போது சரியான திசையில்.

போன வாரம் ஒயிட் டவுனில் ஒரு காபிக் கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவரில் மாட்டி வைக்க வேண்டுமாம். நான் இதுவரை போட்ட பணத்தைவிடக் கூடுதலாகவே ஒரு தொகை சொன்னார். ஒரே ஒரு குறைதான், ரொம்பப் பளபளப்பாக இருக்கிறதாம்; நல்ல துரு ஏறியிருந்தால் இன்னும் ஆயிரம் சேர்த்துத் தருவாராம். வீட்டுக்கு வந்து பொருமித் தீர்த்தேன். என் மனைவி புடவைத் துணியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, ஒரு வாரம் பீச்சுல நிறுத்திட்டு வாங்களேன்."