டிரம்ப் கார்டியல்: ஒரு முன்னுரைக்கு முன்னுரை

டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகள் நால்வகைப்படும்: வெல்வன, தோற்பன, தொலைந்தன, அண்டர்டேக்கர்.

வெல்வன வெல்லும். எடுத்துக்காட்டு: ஆண்ட்ரே தி ஜயண்ட். அறிவிக்கப்பட்ட உயரம் 7 அடி 4 அங்குலம், எடை 520 பவுண்டு. எதிராளி ‘வெயிட்’ என்றால் வாய் தானாகவே சிரித்துவிடும், காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

தோற்பன தோற்கும்.

தொலைந்தன பீரோவுக்கு அடியில் உள்ளன.

இனி ரேங்க். ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ் அனைத்திலும் பெரிய எண் வெல்லும். ரேங்கில் மட்டும் சிறிய எண் வெல்லும். இது புறநடை. (மூலம்: ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, கணக்கு நோட்டு, கடைசிப் பக்கம், ரசக்கறைக்குச் சற்றுக் கீழே.) ‘பெரியதுதான் ஜெயிக்கும்’ எனச் சாதித்துப் பத்தாம் ரேங்க்கைக் கொண்டு முதல் ரேங்க்கைப் பிடுங்கியோரும் உளர். (மேற்படி நோட்டு, பறிமுதலுக்கு முந்தைய பிரதி. ஒப்புநோக்குக: பறிமுதலுக்குப் பிந்தைய பிரதி. அது இன்றளவும் ஆசிரியர் மேசை டிராயரிலிருந்து மீட்கப்படவில்லை.)

நான்காம் வகையான அண்டர்டேக்கர் 1990 நவம்பரில் சர்வைவர் சீரிஸ் மல்யுத்த நிகழ்ச்சியில் தோன்றினார். ஏழு முறை செத்துப் பிழைத்தார் என்பது பள்ளிக்கூடத்துச் செவிவழி மரபு. இங்கு ‘ஏழு’ எண்ணைக் குறிக்கிறதா, ‘பல’ என்னும் பொருளில் வந்ததா என்பதில் அறிஞர் இரு அணியாயினர். கருத்தரங்கில் ஒருவரையொருவர் ‘மதிப்பிற்குரிய நண்பர்’ என விளிப்பதிலிருந்தே பகையின் ஆழம் விளங்கும். இரு அணியிலும் எவரும் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

காலக்கணிப்புக்கு வருவோம். கார்டில் உள்ள நிறுவனப் பெயரின் இறுதியில் ‘எஃப்’ இருந்தால் அது முற்காலம்; ‘ஈ’ இருந்தால் பிற்காலம். எஃப் ஈயாகத் திரிந்ததற்கு ஒலியியல் விதி தேடி ஒரு முனைவர் பட்டமே வாங்கிவிடலாம். ஆனால் திரித்தது லண்டன் நீதிமன்றம். பாண்டாவை முத்திரையாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சுருக்கப்பெயரும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.தான். அது தொடுத்த வழக்கில் மல்யுத்த நிறுவனம் தோற்று, 2002 மே மாதம் பெயரை மாற்றிக்கொண்டது.

ஆகவே ஆய்வின் முடிபு: ஆண்ட்ரேயும் அண்டர்டேக்கரும் நின்ற அணியையே மண்ணைக் கவ்வவைத்தது, மூங்கில் தின்னும் ஒரு கரடி. கட்டு முழுவதையும் மூன்று முறை கலைத்துப் பார்த்தேன். அதற்குக் கார்டே இல்லை.