சாமிக்கு மட்டும் தனிக் கல்

இரண்டாவது கிண்ணம் சாம்பார் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். குடிதண்ணீரைக்கூடப் பாட்டிலில் அடைத்துக் காசாக்கிவிட்டார்கள். நம் ஓட்டல்களில் இன்னமும் இலவசமாக, சுடச்சுட, கேட்டு முடிப்பதற்குள் வந்து விழுவது ஒன்றே ஒன்றுதான்: “அதெல்லாம் எதுவும் சேர்க்கிறதில்ல சார்.”

தோசை மாவில் மைதா கலப்பீர்களா? சேர்க்கிறதில்ல சார். கோதுமை மாவு? சான்ஸே இல்ல சார். அப்படியானால் ரவா தோசையில் என்ன இருக்கிறது? “அதுல ரவா இருக்கும் சார்.” ரவை எங்கிருந்து வருகிறது என்று அடுத்து கேட்டுவிடாதீர்கள். ரவை மளிகைக் கடையிலிருந்து வருகிறது. கோதுமை வேறு, மைதா வேறு, ரவை வேறு, சேமியா வேறு. நான்கும் ஒரே வயலில் விளைந்தவை என்ற சேதி நம் சமையற்கட்டுகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்தக் கேள்விகளை நான் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. என் அக்கா மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், அவளைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே அவள் சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகும். அன்றைக்கு வாந்தி, பேதி, வயிற்று உப்பசம். இரண்டு மூன்று நாள் தலையைத் தூக்க முடியாத அசதி. தொடர்ந்து போனால் இரத்தசோகை, எலும்புத் தேய்வு, அரிதாகக் குடலில் புற்றுநோய்வரை. இதற்கு மாத்திரையும் கிடையாது, ஊசியும் கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு ஒன்றுதான் வைத்தியம். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் சேதமாகிறது என்று 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 50 மில்லிகிராம் என்றால் ஏறத்தாழ அரை கிராம் மைதா. பரோட்டா மாஸ்டர் கையை உதறினால் அதைவிட அதிகமாகப் பறக்கும்.

“ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது” என்று சொல்லும் அத்தைமார்கள் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் பாசத்தில் விஷம் வைப்பவர்கள். பில் போட்டு வைப்பவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு பெரிய சைவ ஓட்டல். பெயர் எதற்கு, எல்லாம் ஒரே ரகம். சமையல் நடப்பது தெரியும்படி கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார்கள். வெளிப்படைத்தன்மையாம்! அக்கா மகள் வழக்கம்போலத் தன் பாடத்தை ஒப்பித்தாள். எனக்கு ஒரு பிளெயின் தோசை போதும், கோதுமை, மைதா பட்டால் உடம்புக்கு ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகிவிடும். சூப்பர்வைசர் முழுசாகக் கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “பயப்படாதீங்கம்மா, நம்மளது ப்யூர் வெஜ்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் கல்லில் நான்கு சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார். எடுத்தார். கல்லில் உதிர்ந்து கருகிக் கிடந்தது மாவு. ஒரு கை தண்ணீர் தெளித்தார். சுர்ரென்றது. தென்னந்துடைப்பத்தால் இரண்டு இழுப்பு. கருகின மாவு கல்லின் ஓரத்தில் ஒதுங்கிக் கரை கட்டி நின்றது. நடுவில் அவளுக்கான தோசை மாவு விழுந்தது. கரண்டி சுழன்று, மாவு விரிந்து, அந்தக் கரையைத் தொட்டது.

“அதே கல்லுலதானே ஊத்துறாங்க?” என்றேன்.

“கல்லு ஒண்ணுதான் சார். ஆனா அந்தச் சூட்டுல எல்லாம் செத்துரும் சார்.”

குளூட்டன் கிருமி இல்லை ஐயா. அது சாவதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும். கல்லை எத்தனை காய்ச்சினாலும் கோதுமை கோதுமைதான். இதைச் சொன்னால், நாம் எதையோ கூகுளில் படித்துவிட்டு வந்து அவர் தொழிலைக் குறை சொல்வதாக முகம் மாறுகிறது. அந்த ஓட்டலிலேயே உண்மை பேசினவன் ஒரே ஒருவன். மேசை துடைக்கிற பீகார்ப் பையன். “ஆட்டா, மைதா” என்ற சொற்கள் காதில் விழுந்ததும் அவனாகவே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, துடைப்பதுபோலக் குனிந்து, “தீதீ, தோசா மே மைதா ஹை” என்றான். தோசை மொறுமொறுவென்று வர மாவிலேயே மைதா கலந்திருக்கிறார்கள்! நாங்கள் எழுந்துகொண்டோம். சூப்பர்வைசர் அந்தப் பையனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஓட்டலின் கஜானாத் திறவுகோலை எங்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டதுபோல. அந்தப் பையனுக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

தோசையை விடுங்கள், இட்லி சாம்பார் சாப்பிடலாமே என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். இட்லி பிழைத்தது. சாம்பார்? ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பெருங்காயப் பிசினை அப்படியே விற்பது அரிது, அத்தனை காரம். மாவும் கோந்தும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக்கித்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை. டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். ஓட்டல் சாம்பாரில் அது எவ்வளவு, ஒரு கிண்ணத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்று அளந்தவர் எவருமில்லை. ரசத்தில் அது. வெண்பொங்கலில் அது. தயிர்சாதத் தாளிப்பில் அது. உளுந்து வடை? அது உளுந்துதான், சத்தியமாக உளுந்துதான். ஆனால் பூரி பொரித்த எண்ணெயில் நீந்தி வந்த உளுந்து. சமோசாவும் அதே வாணலியில் முங்கி எழுந்துதான் போயிருக்கும். கடைசியில் அரிசிச் சோற்று நாட்டில் பிறந்த ஒரு பெண் ஓட்டலில் நிம்மதியாகச் சாப்பிடக்கூடியது வெறுஞ்சோறு, தாளிக்காத தயிர், வாழைப்பழம். அதற்கும் ஃபுல் மீல்ஸ் விலைதான்.

இதில் பணக்கார வேடிக்கை ஒன்று தனியாக நடக்கிறது. குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டால் இடுப்பு இளைக்கும் என்று யாரோ நடிகை சொன்னாலும் சொன்னார், நகரத்துக் கஃபேக்களில் ‘குளூட்டன் ஃப்ரீ’ பீட்சா இரண்டு மடங்கு விலையில் வந்துவிட்டது. பெரிய எழுத்தில் ‘ஃப்ரீ’. அடியில் பொடி எழுத்தில், எங்கள் சமையலறையில் கோதுமையும் கையாளப்படுகிறது, முழு உத்தரவாதம் தர இயலாது. இளைக்க வந்தவருக்கு அந்தப் பொடி எழுத்தால் ஒரு நஷ்டமுமில்லை. நோயாளி மட்டும்தான் அதைப் படிக்கிறார், படித்துவிட்டு எழுந்து போகிறார்.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கக்கூடாது. 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பத்தும் அதற்கு மேலும் கிளை வைத்திருக்கிற ஓட்டல்கள் ஒவ்வாமை தரும் பொருள்களின் விவரத்தையும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த மாதிரி ஓட்டல் ஒன்றில் அந்த விவரத்தைக் கேட்டேன். மேனேஜர் இரண்டு பேரிடம் போனில் பேசி, மேசை அறையைக் குடைந்து, உரிமச் சான்றிதழின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து காட்டினார். பூஜை படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதன் நகலாம். ஒன்பது கிளை வைத்தவருக்கோ பெரும்பாலும் அந்தக் கவலையும் இல்லை. ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயில் சாயம் இருக்கிறதென்று 2024 பிப்ரவரியில் தடையே போட்டது நம் அரசு. நல்ல காரியம். மைதாவுக்கு ரோஸ் நிறம் இல்லாமல் போனது அக்கா மகளின் துரதிர்ஷ்டம்.

இத்தாலிக்காரனைப் பாருங்கள். மூன்று வேளையும் கோதுமையைத் தின்கிறவன். பீட்சாவும் பாஸ்தாவும் இல்லாவிட்டால் அவனுக்கு ஊரே இல்லை. அவன் 2005-இல் சீலியாக் நோயாளிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அரசு கேன்டீன் எதுவானாலும் கேட்டவருக்குக் குளூட்டன் இல்லாத சாப்பாடு தர வேண்டும். வீட்டுச் சாமான் வாங்க மாதாமாதம் அரசே பணம் தருகிறது. கோதுமையில் புரளும் தேசத்தில் பிழைத்துக்கொள்ளலாம், அரிசி தேசத்தில் முடியாது.

எண்ணிக்கை குறைவு என்பார்கள். 2016-இல் வெளியான ஆய்வொன்று, வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கும் தென்னிந்தியாவில் 0.10 பேருக்கும் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பதாகச் சொன்னது. இங்கே ஆயிரத்தில் ஒருவர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 7.2 கோடிப் பேருக்குக் கணக்குப் போட்டால் தோராயமாக 72 ஆயிரம் பேர். எல்லோரும் ஒரே தொகுதியில் குடியிருந்தால் இந்நேரம் ஒரு எம்.எல்.ஏ. கையில் தனி வாணலியோடு சட்டசபைக்குப் போயிருப்பார்.

சரி, ஓட்டல்காரர்கள் சொல்வதுபோலப் பிரித்துவைப்பது அவ்வளவு கஷ்டமா? இந்த இடத்தில்தான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. பிரித்துவைப்பதில் உலகத்துக்கே பாடம் எடுக்கக்கூடிய கூட்டம் நாம். சேரன்மாதேவி குருகுலத்தில் தேசபக்திக்கென்று வசூலித்த பணத்தில், பிள்ளைகளுக்கு ஜாதி பார்த்துத் தனித்தனியாகச் சோறு போட்டவர்கள். 1957-இல் திருவல்லிக்கேணி ஓட்டல் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை அழிக்கப் பெரியாரின் ஆட்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போக வேண்டியிருந்தது. டீக்கடையில் ஒரு மனிதனுக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு மனிதனுக்குத் தகரக் குவளை என்று வைத்து, நெரிசலான நேரத்திலும் ஒருநாள்கூட மாறிவிடாமல் காபந்து பண்ணத் தெரிந்த ஊர்கள் இங்கே உண்டு. தனிக் குவளை, தனி ஆணி, தனியாகக் கழுவும் இடம். எந்த மேலைநாட்டு ஆய்வகமும் பொறாமைப்படும் ஒழுங்கு! யாருக்கும் எந்தக் கேடும் செய்யாத மனிதனின் உதடு பட்டுவிடக்கூடாது என்பதற்காக அத்தனை ஒழுங்கும். மெய்யாகவே உயிருக்குக் கேடு செய்கிற ஒரு சிட்டிகை மாவைத் தள்ளிவைக்கச் சொன்னால், “கல்லு ஒண்ணுதான் சார்.”

இன்றைக்கும் அந்தத் திறமை மங்கிவிடவில்லை. சைவ ஓட்டல் தோசைக் கல்லில் ஒரே ஒரு முட்டையை உடைத்துப் பாருங்கள். கல்லைக் கழுவ மாட்டார்கள், கல்லையே மாற்றுவார்கள். முதலாளி பதறி ஓடி வருவார், மாஸ்டருக்குச் சீட்டு கிழியும். வெங்காயம், பூண்டு சேர்க்காத ஜைனர்களுக்குத் தனி மெனு கார்டே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை துளியும் இல்லை. அவரவர் நம்பிக்கை, அவரவர் சாப்பாடு. அவர்களுக்குக் கிடைக்கும் தனிப் பாத்திரம், பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் பெண்ணுக்கு ஏன் கிடைப்பதில்லை என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் அவளுக்கு இருப்பது நோய். நோய்க்கு நம் ஊரில் மரியாதை இல்லை. நோயைச் சொன்னால், “அப்ப வீட்டுலயே சாப்பிட்டு வரலாமே” என்று முணுமுணுப்பார்கள். விரதத்தைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ஆகவே சீலியாக் சகோதர சகோதரிகளே, மருத்துவச் சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். குடலுறிஞ்சி என்ற வார்த்தையைப் பொதுஇடத்தில் உச்சரிக்காதீர்கள். நமக்கு உடனடித் தேவை ஒரு சாமி. கோதுமை தீண்டா விரதம் என்று ஒன்றைத் தொடங்குவோம். தல புராணத்துக்கு நெதர்லாந்தைக் கொள்ளலாம். 1944-45 குளிர்காலத்தில் போர்ப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது, இந்த நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறின. வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், தாம் முன்பே சந்தேகப்பட்டது சரிதான் என்று கண்டு, 1950-இல் ஆய்வேடாக எழுதினார். மருத்துவர் என்று சொன்னால் எடுபடாது, டிக்கே மகரிஷி என்று வைத்துக்கொள்வோம். இடது மணிக்கட்டில் பச்சைக் கயிறு. கோபுரம் எழுப்ப நன்கொடை வசூலிக்கப் புத்தகம் அடித்துவிட்டால் போதும், ஓட்டல் முதலாளிகளே முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அதன்பிறகு எவனாவது அதே கல்லில் தோசை ஊற்றட்டும் பார்ப்போம். மத உணர்வு புண்பட்டுவிட்டது என்று நான்கு பேர் கொடி பிடித்தால் போலீஸ் வரும், தாசில்தார் வருவார், சமாதானக் கூட்டம் நடக்கும். இத்தனை வருஷம் குடல் புண்பட்டபோது ஒரு வார்டு கவுன்சிலர்கூட வரவில்லை.

கேலி என்று நினைக்கிறீர்கள். இதற்கு வெள்ளோட்டமே நடந்துவிட்டது. அக்கா மகளுக்கு ஆஸ்பத்திரியில் பழக்கமான பையன் ஒருவன், அவனுக்கும் இதே நோய். ஐப்பசியில் அவன் தெருமுனை ஓட்டலில் தனிக் கல் கேட்டு, கல்லு ஒண்ணுதான் என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவன். கார்த்திகை பிறந்ததும் வருஷா வருஷம் போடுகிறபடி சபரிமலைக்கு மாலை போட்டான். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். அதே ஓட்டல், அதே சூப்பர்வைசர். பையன் நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. “விரதம். கோதுமை, மைதா எதுவும் படாம ஒரு தோசை வேணும்” என்றான், அவ்வளவுதான்.

பின்கட்டிலிருந்து இன்னொரு கல் வந்தது. புதுக் கரண்டி, புதுத் துணி. தோசைக்கென்று தனியாக அரைத்த மாவுகூட இருந்திருக்கிறது, முதலாளி வீட்டுக்குப் போகிற மாவு. மாஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு அடுப்பு பற்றவைத்தார். சூப்பர்வைசர் சட்னிக் கிண்ணத்தோடு மேசைவரை வந்து, குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்:

“சாமி, சாம்பார்ல பெருங்காயம் போட்டிருக்கு. அதுல மைதா சேர்ப்பாங்க. உங்களுக்குப் பரவாயில்லையா, இல்ல போடாம தனியா வெக்கச் சொல்லவா?”