முன்னுரையார்

டிசம்பர் பிறந்ததும் முன்னுரையார் கழுத்தில் மஃப்ளர் ஏறிவிடும். குளிர் இன்னும் எங்கள் ஊர் எல்லைக்கே வந்திருக்காது. மஃப்ளர் குரலுக்கு. சட்டைப் பையில் பனங்கற்கண்டும் மிளகும் அதிமதுரத் துண்டும் இருக்கும். கேரல் ரவுண்ட்ஸுக்குக் கூப்பிட்டால் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை மட்டும் ஆட்டுவார். பாடகர் குழுவில் இருபது பேர் இருக்கிறார்கள். மார்கழிப் பனியில் தெருத் தெருவாகக் கத்திவிட்டு வந்து ஐஸ்கிரீம் தின்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இல்லாத தொண்டை இவருக்கு.

"ஆண்டவர் இயேசுவில் அன்பார்ந்த இறைமக்களே" என்று அவர் ஆரம்பித்ததும் உட்கார இடம் கிடைத்தவர்கள் பின்னால் சாய்வார்கள். கிடைக்காதவர்கள் தூண் தேடுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் பால் புட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள்.

திருப்பலிக்கு ஒரு முன்னுரை. முதல் வாசகத்துக்கு ஒன்று, இரண்டாம் வாசகத்துக்கு ஒன்று. நற்செய்திக்கு, மன்றாட்டுகளுக்கு, காணிக்கைப் பவனிக்குத் தனித்தனியாக. காணிக்கைப் பவனியில் ஒரு பெண் திராட்சைக் குலையை ஏந்தி வந்தால், திராட்சை எதைக் குறிக்கிறது என்று அவர் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் பீடத்தின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் இரண்டாம் வாசகம், பவுல் தீத்துவுக்கு எழுதிய திருமுகம், இரண்டாம் அதிகாரம், 11 முதல் 14 வரை. நான்கே வசனம். நிறுத்தி நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிஷம் தாண்டாது. அதற்கு இவருடைய முன்னுரை மூன்றரை நிமிஷம், கைக்கடிகாரத்தில் பார்த்தேன். தீத்து யார், கிரேத்துத் தீவு எங்கே இருக்கிறது, பவுல் அவரை அங்கே ஏன் விட்டுவந்தார், அந்தத் தீவுக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள். அத்தனையும் முடிந்து வாசகம் வரும்போது, இதென்ன இவ்வளவு குட்டியாக இருக்கிறது என்று சனம் நினைத்தது.

ஒரு வருஷம் முதல் வாசகம் எங்கள் அன்பியத்துக்கு வந்தது. வாசிக்க நான் போனேன். வாசக மேடையில் அவர் நிற்கிறார்; நான் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். எசாயாவின் இருட்டை விவரித்தார். ஒளியை விவரித்தார். பிறக்கப்போகும் குழந்தையையும் அதற்குரிய பட்டப்பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பொருளும் சொன்னார். "வாசகத்துக்குச் செவிமடுப்போம்" என்று விலகியபோது என் கையில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எல்லாரும் கை கழுவி எழுந்த பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பவனைப் போல நின்றேன்.

நற்செய்திக்கு முன்னுரை என்றால் அகுஸ்து சீசர் வந்தே ஆக வேண்டும். மக்கள்தொகைக் கணக்கு, குடும்ப அட்டை, ஆதார் என்று ஒரு சுற்றுப் போய், யோசேப்பும் மாதாவும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ததற்கு வருவார். வந்தவுடன் ஒரு எச்சரிக்கை: "இங்கே நாசரேத்து என்பது நமது தூத்துக்குடி மாவட்டத்திலே, திருநெல்வேலி திருச்செந்தூர் ரயில் பாதையிலே இருக்கிற நாசரேத் அல்ல." எங்கள் பங்கில் எழுநூறு குடும்பம். எவருக்கும் எந்த வருஷமும் அந்தச் சந்தேகம் வந்ததில்லை. ஆனாலும் வருஷா வருஷம் அதைத் தீர்த்துவைத்துவிட்டுத்தான் மாதாவைக் கழுதை மேல் ஏற்றுவார். ஏற்றிய கையோடு, கழுதையும் மாடும் லூக்கா நற்செய்தியின் பிறப்புக் காட்சியில் கிடையாது, எசாயா முதல் அதிகாரத்திலிருந்து குடிலுக்குள் புகுந்தவை என்பார். பூசை முடிந்து குடிலைச் சுற்றி நிற்கும் சின்னப் பிள்ளைகள் அந்தக் கழுதையைச் சந்தேகக் கேஸ் போலப் பார்ப்பார்கள்.

அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தது 1223ஆம் வருஷம். 2023இல் அதற்கு 800 ஆண்டு நிறைந்தது. அந்த கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பட்ட பாட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மோனை வேறு. "மாட்டுக் குடிலில் மாமரி மடியில் மலர்ந்த மழலை" என்று ஒருமுறை தொடங்கி, அடுத்த மகரம் சிக்காமல் அரை நிமிஷம் மைக்கோடு நின்றார். கடைசியில் "மகிழ்ச்சி" கிடைத்தது. கோயிலே பெருமூச்சு விட்டது.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. இப்போதைய பங்குத்தந்தை இளைஞர். திருப்பலி நூலின் முகப்பிலுள்ள பொது விதிகளில் 105ஆம் எண்ணை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். விளக்கம் சொல்கிறவர் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வர வேண்டும், தெளிவாகச் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்ல வேண்டும், வாசக மேடையில் நிற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. முன்னுரையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "பாத்தீங்களா ஃபாதர், நல்லாத் தயாரிக்கணும்னு போட்டிருக்கு" என்று சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய அப்பா உபதேசியார். சாமியார் பீடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று லத்தீனில் பூசை வைத்த காலம். என்ன நடக்கிறதென்று சனத்துக்குத் தெரியாது. உபதேசியார் பக்கவாட்டில் நின்று "முழங்கால் போடுங்க" என்பார், போடுவார்கள். "எந்திரிங்க" என்பார், எழுவார்கள். மைக் கிடையாது. "எங்கப்பா குரல் கடைசித் திண்ணை வரைக்கும் கேக்கும் தம்பி" என்று அவர் சொல்லும்போது மட்டும் மோனை வராது, கண் கொஞ்சம் கலங்கும். 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. பூசை தமிழுக்கு வந்தது. நியாயப்படி அந்த வேலை அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, தமிழைத் தமிழில் விளக்கும் வேலையாகி மகன் கைக்கு வந்துவிட்டது.

திருவருகைக் காலம் நான்கு வாரமும் ஞாயிறு பூசையில் வானவர் கீதம் பாடுவதில்லை. அடக்கி வைத்ததெல்லாம் நள்ளிரவில் வெடிக்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் கோயிலில் அதற்கு ஒரு பட்டாளமே தயாராக இருக்கும். திரைச்சீலைக் கயிற்றைப் பிடித்தபடி ஒருவன், சீரியல் செட் சுவிட்சில் விரல் வைத்தபடி ஒருவன், கைமணியை நாக்கு ஆடாமல் பொத்திக்கொண்டு பீடச் சிறுவர் நால்வர், குடில் அருவி மோட்டாருக்கு ஒருவன். சரியாகப் பன்னிரண்டுக்கு ஃபாதர் கீதத்தை எடுக்க, திரை விலகி, விளக்கு எரிந்து, மணி அடித்து, பாலன் பிறக்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் மணி பன்னிரண்டு. முன்னுரையார் வானவர் கீதத்துக்கே முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தார். வானவர் என்போர் யார், எத்தனை அணியினர் என்று போய்க்கொண்டிருக்கும்போது அடுத்த பங்கில் சரவெடி கேட்டது. "அங்க பிறந்துட்டாரு" என்று ஒரு பீடச் சிறுவன் சொன்னது மைக்கில் விழுந்தது. எங்கள் ஊரில் பாலன் 12.09க்குப் பிறந்தார். அடுத்த வருஷத்திலிருந்து பூசையை 11.30க்குப் பதில் 11.15க்குத் தொடங்கினோம்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எங்கள் பூசை முடிந்த பிறகு ஃபாதர் ஜீப்பில் ஏறிக் கிளைக் கிராமத்துக்குப் போய் அங்கே இன்னொரு நள்ளிரவுப் பூசை வைக்க வேண்டும். அங்கே சனம் பனியில் பாய் விரித்துக் காத்திருக்கிறது. அவர்களுக்கு முன்னுரை சொல்ல ஆளில்லை. நம்முடைய முன்னுரைக்குத்தான் அவர்கள் தூக்கம் கெடுகிறது.

போன வருஷம் பங்குப் பேரவை துணிந்து, இனிமேல் இளையோர் எழுதட்டும் என்று தீர்மானித்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் நள்ளிரவுப் பூசைக்கு நான்கு வரி எழுதினாள். நல்ல வரிகள். தன் அம்மா பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரி போன இரவில் வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் காத்திருந்ததை எழுதியிருந்தாள். முன்னுரையார் "ஒரு பார்வை பாத்துத் தரேம்மா" என்று வாங்கிப்போனார். திரும்பி வந்தது மூன்று பக்கம். அகுஸ்து சீசர் இருந்தார், நாசரேத் இருந்தது. அவள் எழுதியதில் மிஞ்சியது "செவிமடுப்போம்" மட்டும். அவள் அழவில்லை. "நீங்களே வாசிச்சிருங்க தாத்தா" என்று கொடுத்துவிட்டாள். நாற்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு அதில் என்ன தவறு நடந்தது என்று புரியவே இல்லை. எனக்கு அவர்மேல் உண்மையாகவே கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

டிசம்பர் 24 காலையில் அவருக்குக் குரல் போயிற்று. மஃப்ளர், பனங்கற்கண்டு, மிளகு எல்லாவற்றையும் மீறிப் போயிற்று. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, தன்னுடைய நான்கு வரியையே அவள் வாசிக்கும்படி ஆயிற்று.

வாசித்தாள். முப்பது விநாடி. மனவருத்தச் செயல் முடிந்து ஃபாதர் நிமிர்ந்தபோது மணி 11.40. கயிற்றுக்காரன் வெளியே டீ குடிக்கப் போயிருந்தான். பாடகர் குழுவில் கீபோர்டுக்காரன் வரவில்லை. பாலன் சுரூபம் சக்ரீஸ்தியில் பஞ்சுக்குள் கிடந்தது. ஒரு பங்கே அவர் தொண்டையைப் பார்த்துக் கடிகாரம் வைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஃபாதர் முன்வரிசையைப் பார்த்தார். முன்னுரையார் பாதி எழுந்து, கழுத்தைத் தொட்டுக் காட்டி, உட்கார்ந்துவிட்டார்.

இருட்டில் இருபது நிமிஷம் சும்மா இருந்தோம். வெளியே ஜெனரேட்டர் ஓடுவது கேட்டது. பெண்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, அதன் அம்மா தட்டிக்கொடுப்பதும் கேட்டது. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் கோயில் கிறிஸ்துமஸ் இரவில் அப்படி இருந்ததில்லை. பன்னிரண்டுக்குத் திரை விலகியது.

பூசை முடிந்து குடிலருகே அவர் என் கையைப் பிடித்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இருபது நிமிஷம் வீணாப் போச்சே தம்பி" என்றது காற்று. "அந்த நாசரேத்தையாவது யாராச்சும் சொல்லியிருக்கலாம்."