பட்டியலின் தலையில் யார்?

நன்கொடை சேர்க்கப் போகிறவருக்கு முதலில் வேண்டியது நல்ல நோக்கம் என்பார்கள். என்னைக் கேட்டால், கழற்றவும் மாட்டவும் இலகுவான செருப்பு. கற்பிட்டிக் குடாநாட்டில் வாசலில் செருப்பைக் கழற்றாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. வார் வைத்த செருப்போடு புறப்பட்டவர் நாலு வீடு குனிந்து நிமிர்ந்ததும் தானே ஒரு நன்கொடை கேட்கும் நிலைக்கு வந்துவிடுவார்.

அடுத்தது, சீனி வருத்தம் இல்லாத உடம்பு. போகிற வீடெல்லாம் பிளேன்டீ வரும். வேண்டாம் என்றால் கோபிப்பார்கள். இந்த உபசாரத்தைக் கவனிக்கப் பழகியவருக்கு வாய்ப்பேச்சே தேவையில்லை. வெறும் பிளேன்டீ வந்தால் காசு வரும். கூடவே வாழைப்பழம் வந்தால் நினைத்ததில் பாதி வரும். வட்டிலப்பமும் "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்ற பிடிவாதமும் சேர்ந்து வந்தால் ரசீதுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு வயிறாரச் சாப்பிடலாம். தராதவரின் உபசாரத்துக்கு இந்தக் கரையில் ஈடு கிடையாது.

நாங்கள் சேர்ப்பது மரணாதார சங்கத்துக்கு. இலங்கையில் இப்படியொரு சங்கம் இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. மாதம் ஒரு சிறு சந்தா. வீட்டில் ஒரு மௌத்து நடந்தால் கூடாரம், கதிரை, கிடாரம், செலவுக்குக் கையில் கொஞ்சக் காசு. எங்கள் சங்கத்துக் கதிரைகளோ உப்புக் காற்றையும் வெயிலையும் தாங்கித் தாங்கி வெளிறிப்போனவை. ஒரு மையத்து வீட்டில், ஆறுதல் சொல்ல வந்த பெரியவர் கதிரையோடு சேர்ந்து மெதுவாகக் கீழே இறங்கினார். நாலு காலும் நாலு திசைக்குப் போயின. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அன்றிரவே நிர்வாகசபை கூடியது. புதுக் கதிரைகளுக்குக் காசு சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

காரணம், நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யார் வீட்டுக்குக் கட்டாரிலிருந்து காசு வருகிறது, யார் வீட்டுக்கு வங்கியிலிருந்து கடைசி அறிவித்தல் வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று தலைவர் நம்பினார். தெரியும்தான். அதைத் தெரியாத முகத்தோடு வாசலில் நிற்க வேண்டுமே, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பயிற்சி என்றதும் எங்கள் சங்கத்து இளம் செயலாளரைச் சொல்ல வேண்டும். பட்டதாரி. புத்தளம் நகரில் நடந்த ஒரு செயலமர்வுக்குப் போய், நிதி திரட்டுவது எப்படி என்று படித்துவிட்டு வந்தவர். இந்த மாவட்டத்துக்குச் செயலமர்வு புதிதல்ல. பெரிய வெள்ளைத்தாள், கலர் மார்க்கர், குழுச் செயற்பாடு, பகல் சாப்பாட்டுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். அங்கே ஒருவர் நன்கொடையாளராகவும் மற்றவர் சேகரிப்பவராகவும் நடிக்க வேண்டுமாம். நடித்த நன்கொடையாளர் இரண்டாவது வசனத்திலேயே இல்லாத காசோலைப் புத்தகத்தைத் திறந்துவிட்டாராம். தம்பிக்கு அதில் வந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர் கலைக்கும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வீட்டில் சங்கத்தின் நோக்கு, பணிக்கூற்று, ஐந்தாண்டுத் திட்டம் எல்லாம் சொன்னார். படகு வைத்திருக்கும் நாநா, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி, இப்ப என்ன வேணும்?"

"நீங்க விரும்பினதக் குடுங்க நாநா."

நாநா விரும்பியது நூறு ரூபாய்.

இந்தத் தொழிலில் விஷம் தோய்ந்த வசனம் அதுதான். விரும்பியதைக் கொடுக்கச் சொன்னால் மனிதர் எதை விரும்புவார்? வைத்திருக்கத்தான் விரும்புவார். அதோடு, கூடக் கொடுத்தால் ஏமாளி, குறையக் கொடுத்தால் கஞ்சன் என்று அவரும் கலங்கிப்போகிறார். அடுத்த வீட்டில் நான் பேசினேன். "காக்கா, ஒரு கதிரை." அவ்வளவுதான். பிறகு வாயைத் திறக்கவில்லை. முற்றத்தில் கோழி கொத்தியது. கிடுகு வேலிக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிள் போய்த் தேய்ந்தது. செயலாளர் தொண்டையைச் செருமி ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கப் பார்த்தார். நான் அவர் காலை மிதித்தேன். "ஒரு கதிரை என்ன விலை போகும்?" என்று காக்கா கேட்டார். விலை கேட்டவர் வாங்கியவர்தான். தம்பி அன்று கற்றது, கேட்டபின் சும்மா இருக்கும் வித்தை. செயலமர்வில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை போலும்.

ஆனால் இதெல்லாம் சில்லறை வித்தை. மூலவித்தை ரசீதுப் புத்தகத்தின் முதல் தாளில் இருக்கிறது. முதலாவது பெயர் யாருடையது, அதற்கெதிரே எவ்வளவு? வருகிறவர் எல்லோரும் முகத்துக்கு நேரே சங்கத்தைப் பாராட்டிவிட்டு, கண்ணை அந்த வரிக்குத்தான் ஓட்டுவார்கள். மேலே ஐந்நூறு இருந்தால் அடியெல்லாம் ஐந்நூறு. மேலே பத்துக் கதிரை இருந்தால், ஒரு கதிரைக்கு வந்தவர் வெட்கப்பட்டு இரண்டாக்குவார். ஆகவே புறப்படுவதற்கு முதல் நாளே ஒருவரைப் பிடித்துத் தலையில் போட்டுவிட வேண்டும்.

இந்த நுட்பம் எங்கள் கரைக்கு 1344 லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட உலகப் பயணி இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இந்தப் பக்கம் தள்ளியது. அவர் பத்தாலா என்று எழுதிய ஊர் புத்தளம்தான் என்பது பொதுவான கருத்து. அங்கே அரசர் ஆரியச் சக்கரவர்த்தி இருந்தார். கப்பற்காரர்கள் இறங்கப் பயந்தார்கள். இப்னு பதூதா பயப்படவில்லை. தான் மதுரை சுல்தானுக்கு உறவு என்று சொல்லி அனுப்பினார். பொய்யல்ல, இருவரும் சகோதரிகளை மணந்த சகலன்மார். பட்டியலின் தலையில் சுல்தானின் பெயரைப் போட்டாயிற்று. பிறகு அரசர் தன் முத்துகளைக் காட்டி, இதைவிட நல்ல முத்து கண்டதுண்டா என்று கேட்க, இவ்வளவு நல்லதை நான் கண்டதேயில்லை என்றார் விருந்தாளி. முத்துகள் அவருக்கே கிடைத்தன. கூச்சப்படாமல் வேண்டியதைக் கேள் என்றபோது, ஆதம் மலை என்கிற பாவாத மலைக்குப் போக வேண்டும் என்று ஒரே ஒரு காரியத்தைத் தெளிவாகக் கேட்டார். பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் சாப்பாட்டுச் சாமான் சுமப்பவர்களும் வந்தார்கள். புத்தளத்தில் இறங்கி, ரசீதுப் புத்தகம் இல்லாமல் இவ்வளவு தேற்றிய இன்னொருவரை எனக்குத் தெரியாது.

அடுத்த பெரிய கை காந்தி. 1927 நவம்பரில் கதர் நிதி சேர்க்க இலங்கைக்கு வந்தவர் எங்கள் மாவட்டத்துச் சிலாபத்துக்கும் வந்தார். கொரயா குடும்பத்தார் வரவேற்றார்கள். தரித்திர நாராயணனின் பிரதிநிதியாக வந்திருக்கிறேன், காசு வேண்டும் என்று மேடையிலேயே சொல்லிவிடுகிற மனிதர். மரியாதைக்குக் கொடுத்த பரிசுப் பொருளை அங்கேயே ஏலம் போடுவார். பெண்களின் கையைப் பார்த்து வளையலைக் கேட்பார். பிற்காலத்தில் கையெழுத்துக்கே ஐந்து ரூபாய் வாங்கினார். நான் கையெழுத்துப் போட்டு ரசீது கொடுத்தால் ஐந்து ரூபாய் குறைத்துத் தருகிறவர்கள்தான் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

இப்னு பதூதாவுக்கும் காந்திக்கும் ஒரு வசதி இருந்தது: வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். நான் நாளைக்கும் இதே சந்தியில் பாண் வாங்க வேண்டும். அதனால் எனக்கு நாட்காட்டி முக்கியம். சோழகம் பலக்கும் மே மாதத்திலிருந்து படகுகள் பல நாள் கரையில் கிடக்கும். அப்போது மீன்பிடிக்காரரிடம் கேட்பது பாவம். அதே காற்றுக்காகவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து களப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் பறக்கிறார்கள். ஆகவே அந்த மாதங்களில் ஹோட்டல்காரரிடம் போக வேண்டும். காற்று தணிந்து நவம்பர் வந்தால் கடல் திறக்கும், டொல்பின் பார்க்கிறவர்கள் வருவார்கள், படகுக்காரர் முகத்தில் சிரிப்பு வரும். நாங்கள் திரும்ப வருவோம். வெங்காயம் செய்கிறவரை அறுவடை முடிந்து லொறி போன மறுநாள் பார்க்க வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் உரக்கடைக்காரர் முந்திவிடுவார். உப்பளக்காரர் நிலை தலைகீழ். ஊரே மழைக்குத் துஆக் கேட்கும்போது அவர் மட்டும் வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். 2025 இல் காலந்தவறிய மழை உப்பைக் கரைத்து, கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு வாங்கியது. அந்த நேரம் பாலாவிப் பக்கம் ரசீதுப் புத்தகத்தோடு போயிருந்தால் என் பெயரிலேயே சங்கம் கூடாரம் அடித்திருக்கும்.

றமழான் வேறு உலகம். அந்த மாதம் தீவின் எல்லாத் திசையிலிருந்தும் சேகரிப்பவர்கள் எங்கள் பள்ளிகளுக்கு வருவார்கள். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு ஒருவர் எழும்பி நின்று, ஊர்ப் பள்ளிவாசலின் கூரையைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லி, துண்டை விரித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். அதைப் பார்த்துத்தான் நான் சுருக்கம் பழகினேன். எழும்பியவர்கள் செருப்பைத் தேடும் அந்தச் சொற்ப நேரத்துக்குள் கூரை, அளவு, பாக்கி மூன்றையும் சொல்லி முடிக்க எந்தச் செயலமர்விலும் கற்றுத்தர முடியாது.

இதற்கு நேரெதிரான காட்சி வெசாக்கில். சிலாபம் பக்கம் இலவசச் சாப்பாட்டுத் தன்சல் போடும் இளைஞர்கள் கொடியோடு நடுவீதியில் நின்று பஸ்ஸை மறிப்பார்கள். வாங்குகிறவரைக் கொடுக்கிறவர் துரத்துவார். ஒருமுறை கொழும்புக்குப் போகிற அவசரத்தில் சோறு, கடலை, ஐஸ்கிரீம் எல்லாம் வரிசையாக வாங்கிக்கொண்டு, இந்தப் பிள்ளைகளில் ஒருவனை எங்கள் சங்கத்துக்குக் கடன் கேட்கலாமா என்று யோசித்தேன். 2016 இல் உலகக் கொடைச் சுட்டெண்ணில் இலங்கை முதல் பத்து நாடுகளுக்குள் வந்தது. கணக்கெடுத்தவர்கள் வெசாக் அன்று வந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

கதிரைக்குப் பெயர் எழுதுவது தனித் தலையிடி. முதுகில் பெயின்றால் கொடுத்தவர் பெயர். மாமனார் பெயர் எழுதிய கதிரையில் மருமகன் உட்காரமாட்டார். காணி வழக்கில் உள்ள இருவரின் கதிரைகளை அருகருகே போடக் கூடாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது, என் பெயர் வேண்டாம் என்று ஒரு ஹாஜியார் கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த மையத்து வீட்டில், பெயரில்லாத கதிரை எங்கே என்று கூடாரம் முழுக்கத் தேடினார். கண்டுபிடித்து அதில் உட்கார்ந்து, "இது பேரில்லாத கதிர" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லவும் செய்தார்.

சங்கத்துக் களஞ்சிய அறையில் கரி பிடித்த பழைய கிடாரம் ஒன்று இருக்கிறது. அதை விற்கலாம் என்று செயலாளர் சொன்னபோது மூத்தவர்கள் ஒருவரும் சம்மதிக்கவில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்குத்தான். பள்ளிவாசல், பள்ளிக்கூடம், தென்னந்தோட்டம் எங்கும் ஆட்கள். அப்போது இந்தக் கிடாரம் அடுப்பிலிருந்து இறங்கவில்லை. அரிசி யார் தந்தது, தேங்காய் யார் தந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. முதல் வரியும் இல்லை, கடைசி வரியும் இல்லை. என் கொள்கைக்கு முற்றிலும் எதிரான சம்பவம். அதனால் அதைப் பற்றித் தம்பிக்கு நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. கிடாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தோம்.

இனி ஒரே ஒரு வீடு பாக்கி. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்றொரு கெட்டிக்காரர் 1751 இல் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தவர். கோவில் கட்டக் காசு தேடிய ஒரு பாதிரியாருக்கு அவர் யோசனை சொன்னார்: கட்டாயம் தருவார் என்று தெரிந்தவரிடம் முதலில் போ, பிறகு சந்தேகமானவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டு, ஒன்றும் தரமாட்டார் என்று தெரிந்தவரையும் விடாதே, உன் கணிப்பு பிழைக்கலாம். எங்கள் ஊரில் அந்த மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு முதலாளி. யாரும் அவர் வாசலை மிதித்ததில்லை. செயலாளர் பிடிவாதம் பிடிக்க, போனோம்.

பிளேன்டீ வரவில்லை. இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று என் அனுபவத்துக்கே தெரியவில்லை.

"கதிர தாறத்துக்கு முந்தி கணக்கக் காட்டுங்க" என்றார் முதலாளி.

காட்டினோம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய புத்தகங்களை எல்லாம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போது, யாரோ ஒரு முன்னாள் பொருளாளர் கூட்டலில் விட்ட பிழையைக் கண்டுபிடித்தார். சங்கத்துக்கு வரவேண்டிய காசு. அதை அவரே போய் வசூலித்துக் கொண்டுவந்தும் தந்தார். எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை. ஊர் அசந்துபோய், அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரையே பொருளாளராக்கியது.

இன்றுவரை அவர் கையிலிருந்து சங்கத்துக்கு ஒரு சதம் வரவில்லை. சங்கத்திலிருந்தும் ஒரு சதம் வெளியே போகவில்லை. கதிரைக்கு வேண்டிய காசு முழுக்கச் சேர்ந்துவிட்டது. கடைகளின் விலைப்பட்டியலும் அவர் மேசையில் கிடக்கிறது. போன கிழமை நானும் தம்பியும் போய் நின்றோம். நான் விலையைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன். அவரும் மூடிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தோம். கடைசியில் தம்பிதான் தாங்காமல், "எப்ப வாங்குற முதலாளி?" என்றார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன அவசரம் தம்பி? இந்த மாசம் ஒரு மௌத்தும் இல்லியே."