அந்தியியல்: சில அடிப்படைச் சிக்கல்கள்

தமிழர் வாழ்வில் பொழுது சாய்வது தொன்றுதொட்டு நிகழ்ந்துவருகிறது. எனினும் அது எப்போது சாய்கிறது என்பதை எவரும் முறையாக ஆராயவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. (இதே குறையைப் போக்க முன்பு வந்த கட்டுரைகளை இவ்வாய்வாளர் படிக்கவில்லை. அதுவே மரபு.)

தொல்காப்பியர் நெய்தலுக்கு எற்பாட்டையும் முல்லைக்கு மாலையையும் ஒதுக்கிவிட்டு ஓய்ந்தார். சிறுபொழுது ஐந்தா, ஆறா என்று கேட்டுப் பின்வந்தோர் ஓயவில்லை. வானியலாரோ, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6, 12, 18 பாகை இறங்குவதை வைத்து அந்தியை மூன்றாகப் பகுத்துவிட்டார்கள். நம் களஆய்வில் கிடைத்தவை ஐந்து.

1. மஞ்சள் வெயில்: கொடியில் துணி காய்ந்திருக்கும், எடுக்கத்தான் ஆளிருக்காது.

2. செக்கர்: சாய்ந்த கதிர் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் வருவதால் நீலம் வழியிலேயே சிதறிவிட, சிவப்பு வந்து சேர்கிறது. கைப்பேசியில் எடுத்தால் அதுவும் சேராது.

3. கருக்கல்: விடியுமுன்னும் உண்டு, பொழுது போனபின்னும் உண்டு. எந்தக் கருக்கல் என்று கேட்டுக்கொள்ளாதவர்கள் பேருந்தைத் தவறவிடுவார்கள்.

4. மம்மல்: யாழ்ப்பாண வழக்கு. எதிரே வருபவர் யாரென்று மட்டுப்படாது. கடன் வாங்கியோர்க்கு உகந்த வேளை.

5. விளக்கு வைக்கும் நேரம்: ஆய்வின் உயிர்நாடி இதுவே.

சூரியன் மறைந்து 6 பாகை இறங்கச் சென்னையில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேலாகும். ஏறக்குறைய ஒரு நாழிகை. அதற்குள் வீட்டைப் பெருக்கிவிட வேண்டும் (எதிர்வீட்டுப் பாட்டி, வாய்மொழி). நகம் வெட்டக் கூடாது (மேற்படி பாட்டி, திண்ணைப் பதிப்பு). உப்பும் தயிரும் இரவல் தரலாகாது (மேற்படி பாட்டி, திருத்திய திண்ணைப் பதிப்பு, இரண்டாம் வெற்றிலைக்குப் பின், சுண்ணாம்பு கூடியதால் சில சொற்கள் சிதைந்துள்ளன, உள்ளிருந்து வந்த மருமகளின் மறுப்புரையோடு ஒப்பிடுக).

ஆனால் விளக்கு என்பது யாது? எண்ணெய் விளக்கே விளக்கு என்பது ஒரு கட்சி. டியூப்லைட்டும் விளக்கே என்பது மறுகட்சி. மின்வெட்டு நாளில் இரு கட்சியும் ஒன்றுபட்டு மெழுகுவத்தி தேடுகின்றன.

இதைத் தீர்க்க ஊசியே தக்க கருவி. விளக்கு வைத்தபின் ஊசி விற்பதில்லை என்பது பல மளிகைக் கடைகளில் இன்றும் வழக்கம். ஆகவே இவ்வாய்வாளர் பொழுது சாயும் வேளையில் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பத்து ரூபாய்த் தாளை நீட்டி ஊசி கேட்டார். அண்ணாச்சி வானத்தைப் பார்க்கவில்லை. எதிர்க்கடையில் சாமி படத்தின் மேல் எரிந்த சிவப்பு சீரோ வாட் பல்பைப் பார்த்தார்.

"விளக்கு வெச்சாச்சு. காலைல வாங்க."

எதிர்க்கடைக்காரரிடம் சென்று, எதைப் பார்த்து விளக்கைப் போட்டீர்கள் என்று வினவப்பட்டது.

"அண்ணாச்சி கடையைப் பார்த்துத்தான்."

இவர் அவரைச் சான்று காட்ட, அவர் இவரைச் சான்று காட்ட, இடையில் சூரியனைக் கேட்பாரில்லை. இம்முறையில் உண்மை நிலைபெறுவதும், பின்னர் அதற்கு முனைவர் பட்டம் கிடைப்பதும் ஆய்வுலகம் அறியாததன்று.

இக்கட்டுரை மீதான விவாதம் மாலை 6 முதல் 8 வரை, திரையிட்ட குளிர்சாதன அறையில் நடைபெறும். அந்தியைப் பார்க்க விரும்புவோர் அங்கே வராமல் மொட்டைமாடிக்குச் செல்க. ஊசி வேண்டுவோர் ஐந்தரைக்குள் வாங்கிக்கொள்க.