எதிர்வீட்டு எவர்சில்வர் டப்பா: ஒரு பாத்திரவெட்டியல் ஆய்வு

1. முன்னுரை

தமிழில் ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் முதல் வரியிலேயே 'இது இதுவரை எவரும் ஆராயாத துறை' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டேன். ஏன் எவரும் ஆராயவில்லை என்பதைச் சொல்லக்கூடாது. அந்த மரபையும் காக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில், ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று காலை, விடியற்கால ஆராதனை முடிந்த கையோடு, எதிர்வீட்டு டீச்சர் வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பா எங்கள் வீட்டுக்கு வரும். சில நாள் தங்கும். பிறகு திரும்பிப் போகும். இந்த இடப்பெயர்ச்சியே ஆய்வுப் பொருள்.

ஆய்வு எல்லை: இந்தப் பக்கம் எங்கள் வாசற்படி, அந்தப் பக்கம் டீச்சர் வீட்டு வாசற்படி, நடுவில் ஒரு சாக்கடை.

கருதுகோள்: டப்பா எங்களுடையது.

2. பருவச் சூழல்

2.1 நட்சத்திரம்: டிசம்பர் முதல் வாரம் மாடியில் ஏறும். பொங்கலுக்குப் பிறகும் தொங்கினால் அதைப் பக்தி என்று கொள்ளலாகாது.

2.2 மரம்: சவுக்குக் கிளை.

2.3 குடில்: பத்து நாள் முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்துப் புல் வளர்ப்பார்கள். களிமண் ஆடுகள் அதை மேய்வதில்லை. தெரு ஆடு மேய்ந்ததற்குச் சான்று உண்டு (நேரில் கண்டது, ஆடு விளக்கமளிக்க மறுத்துவிட்டது).

2.4 சீரியல் லைட்: ஒரு பல்பு போனால் மொத்தமும் அணைந்துவிடும். தொலைக்காட்சி சீரியலில் இந்த வசதி கிடையாது.

2.5 கேரல்: நள்ளிரவில் வருவது. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்குள் இருப்பவர் யார் என்பது தெருவில் நாய்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

2.6 தொலைக்காட்சிச் சிறப்புத் திரைப்படம்: காண்க, போன தீபாவளி.

2.7 மார்கழிச் சங்கீதம்: சென்னையில் நடப்பதால் எல்லைக்கு வெளியே. சபா கேண்டீன்களைப் பற்றி நண்பர் ஒருவர் களஆய்வு செய்கிறார். இதுவரை கட்டுரை வரவில்லை, தொப்பை வந்திருக்கிறது.

3. உள்ளடக்கம்

டப்பாவுக்குள் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, இரண்டு அதிரசம், மேலே எண்ணெய்த் தாள் விரித்துக் கேக் துண்டுகள். முதன்மைத் தரவுகளைப் பாதுகாத்து வைக்க இயலவில்லை. நான் படியெடுக்கக் காகிதம் தேடிக்கொண்டிருந்தபோது என் பிள்ளைகள் அவற்றை ஆய்வு செய்துவிட்டார்கள்.

பிளம் கேக்கில் பிளம் பழம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் அதே பெயர்தான். இந்தியாவில் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு சுட்டார் என்றும், மர்டோக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி ஒரு சீமைக் கேக்கைக் காட்டி 'இதுபோல் செய்து தா' என்று கேட்டார் என்றும் அவ்வூரில் சொல்கிறார்கள். தலச்சேரி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆகவே கேக் நம்முடையதே என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேன். மலையாள நண்பர் ஒருவர் வாசித்துவிட்டு எதுவுமே பேசாமல் எழுந்து போனார். பக்க வரம்பு கருதி அந்தப் பகுதியை நீக்கியிருக்கிறேன்.

சொல்லை மட்டும் விட்டுக்கொடுப்பதற்கில்லை. நெல்லைப் பேச்சில் 'கேட்க' என்பது 'கேக்க'. 'கேக்காமலே கொடுப்பது' என்பது காலப்போக்கில் பின்பக்கம் தேய்ந்து 'கேக்' என நின்றது. இந்த வேர் அகப்பட்ட இரவு நான் தூங்கவில்லை. எதையும் தமிழிலிருந்து வருவிக்கும் அறிஞர்கள் எப்போதும் கண் சிவந்திருப்பதன் காரணமும் அன்று விளங்கியது. 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல், இங்கிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், இடையன்குடியில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். அத்தனை கிறிஸ்துமஸ் கொண்டாடியும் இதை எனக்கென்று விட்டுவைத்திருக்கிறார். பெருந்தன்மை.

4. பாத்திரவெட்டு

4.1 டப்பா ஒரு சாண் அகலம், ஒட்டிய மூடி, அடியில் ஒரு நெளிவு. 1913இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழல் அரித்துப்போகாமல் இருக்க எஃகு தேடிய ஹாரி பிரியர்லிக்குத் துருப்பிடிக்காத எஃகு அகப்பட்டது. போருக்குத் தேடியது கடைசியில் முந்திரிக்கொத்துக்கு ஆயிற்று.

4.2 நம் ஊரில் எவர்சில்வர் வாங்கினால் கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன் 'பேரு வெட்டணுமா?' என்பார். இந்த வழக்கம் நேற்றையதன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தது, அக்காள் கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது என்று பாத்திரம் பண்டங்களையெல்லாம் எடையோடு கல்லில் வெட்டவைத்தான் ராஜராஜன். குந்தவை கொடுத்ததை நாளைக்கு வேறொருவர் தன்னுடையது என்று சொல்லிவிடக்கூடாதல்லவா? கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவன் என்பது தெரிகிறது.

4.3 டப்பாவின் விளிம்புக்குக் கீழே இரண்டு எழுத்துகள் உள்ளன. பின்னால் ஓர் ஆண்டும் இருந்திருக்க வேண்டும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த இரு வீட்டுப் பெண்களும் வரலாற்றை அழித்துவிட்டார்கள். கோதுமை மாவைப் பூசித் துடைத்து எழுத்துகளைப் படித்தேன். அவற்றுக்கு மூன்று வாசிப்புகள் உண்டு.

அ) 'மு.ச.' இது என் வாசிப்பு, ஆகவே சரியானது. என் தாத்தாவின் தலைப்பெழுத்தும் பெயரின் முதலெழுத்தும் இவையே (அம்மா, வாய்மொழி, அடுப்பங்கரை).

ஆ) 'மூ.ச.' இது மாமாவின் வாசிப்பு. நான் தேய்மானக் கீறல் என்று ஒதுக்கியதை அவர் நெடிலின் சுழி என்கிறார் (மாமா, ஈசிசேர், பகல் தூக்கத்துக்கு முன், தூக்கத்துக்குப் பின் மறுத்தார், காபி வந்ததும் மறுப்பை மறுத்தார்).

இ) 'ழு.ச.' இது டீச்சர் மகனின் வாசிப்பு. தமிழில் எந்தப் பெயரும் ழகரத்தில் தொடங்காது என்று எடுத்துச் சொன்னேன். 'அப்போ இதுதான் முதல் சான்று' என்றான். பொறியியல் படித்து வீணாகிறான். பேராசிரியராகி இருக்க வேண்டியவன்.

4.4 சிக்கல் இத்தோடு முடியவில்லை. மூடியில் வேறோர் எழுத்து: 'பா'. அப்படியானால் மூடிக்கு வேறு உடலும் உடலுக்கு வேறு மூடியும் இருந்தாக வேண்டும். மூன்றாவதாக ஒரு வீடு இதில் தொடர்புடையது. 'பா என்றால் தெருமுனை பாய் வீடு. பக்ரீத்துக்குப் பிரியாணி வந்த பாத்திரத்து மூடி' என்பது மாமா முடிவு (மாமா, மேலது, சித்தப்பா மறுப்பு, அலைபேசியில், மதுரை தாண்டும் ரயிலிலிருந்து, பாதியில் தொடர்பு அறுந்தது, அறுந்த பகுதியில்தான் ஆதாரம் இருந்ததாகச் சித்தப்பா பின்னர் தெரிவித்தது, அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சித்தி, பக்கத்து இருக்கை, அடிக்குறிப்பாகச் சொன்னது). எந்த பாயும் தன் பாத்திரத்தில் 'பாய்' என்று வெட்டிக்கொள்ள மாட்டார் என்பது என் எளிய மறுப்பு. மாமா அதன்பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆய்வுலகில் இது வழக்கந்தான். நம் கல்வெட்டறிஞர்கள் ஒரு சுழிக்காக இருபது ஆண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள். நாங்கள் தொடக்கநிலையில் இருக்கிறோம்.

5. வெறும்பாத்திர மறுப்புக் கோட்பாடு

'வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக்கூடாது. ஒண்ணும் இல்லைன்னா ஒரு பிடி சீனியாவது போடணும்' (அம்மா, பல இடங்களில், பல ஆண்டுகளாக, பெரும்பாலும் என் முதுகுக்குப் பின்னால் நின்று). டீச்சர் வீட்டிலும் இதே விதிதான். எனவே திருப்பிக் கொடுப்பது ஒவ்வொன்றும் புதிதாகக் கொடுப்பது ஆகிறது. கணக்கு எந்த நாளிலும் முடிவதில்லை. பலகாரத்தட்டைக் காட்டிக் கணக்கை முடிப்பது ஓரிடத்தில் மட்டுமே நடக்கும்: முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அங்கே முந்திரி பக்கோடாவின் தரத்துக்கும் தேர்வாளர் கேட்கும் வினாக்களின் எண்ணிக்கைக்கும் உள்ள தலைகீழ் விகிதம் தனி ஆய்வுக்குரியது. அதற்கு வழிகாட்டி கிடைக்க மாட்டார்.

6. களஆய்வும் முடிவும்

திருவாதிரை அன்று அம்மா களி கிண்டி, அதே டப்பாவில் போட்டு, 'டீச்சர் வீட்டுல கொடுத்துட்டு வாலே' என்றாள். கருதுகோளை நிறுவ இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. எழுத்துகளில் மாவு அப்பியபடியே கொண்டுபோனேன்.

"டீச்சர், இது எங்க டப்பா. எங்க தாத்தா பேரு வெட்டியிருக்கு, பாருங்க."

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நாற்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய பார்வை. மறுப்புக்கு நான் ஆயத்தமாக இருந்தேன். மூன்று சான்றுகள் சட்டைப்பையில் இருந்தன.

"அப்படியா தம்பி! எங்க அம்மா காலத்துல இருந்து இங்கதான கிடக்கு. சரி, கொண்டுபோங்க."

எதிர்த்தரப்பு இப்படிச் சரணடைவது எந்த ஆய்வாளருக்கும் நேரக்கூடாத அவமானம். களியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, டப்பாவைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுக்க வந்தவர் வழியில் நின்றார். "வெறுமனே எப்படிக் கொடுக்க?" என்று உள்ளே போனார். மிச்சமிருந்த முந்திரிக்கொத்து ஏழெட்டைப் போட்டு, 'பா' மூடியை அமுக்கி மூடித் தந்தார்.

வெற்றியோடு வீடு திரும்பினேன். "அம்மா, டப்பா இனிமே நம்மளது. டீச்சரே ஒத்துக்கிட்டாங்க" என்றேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ஏலே, பலகாரம் போட்டுல்லா கொடுத்திருக்காங்க! பொங்கலுக்குள்ள டப்பாவைத் திருப்பிக் கொடுத்துரணும்."